டேவிட் கார்டனின் நாற்காலி – கடிதம்

அன்புள்ள சார்,

சென்ற வாரம் அமெரிக்க நடன அமைப்பாளர் டேவிட் கார்டனின் நாற்காலி நடனத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப்பிடித்து ஒளிப்பதிவைப் பார்த்தேன். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியில் உட்கார்கிறார்கள், எழுகிறார்கள், மறுபடி உட்கார்கிறார்கள். நான் பத்து வருடம் பரதம் கற்றவள். இதில் நடனம் எங்கே இருக்கிறது? பின்னாளில் அவர் நாடக இயக்குநர் ஆகிவிட்டார் என்றும் படித்தேன். நடனத்தில் சொல்ல முடியாமல் போனதால்தான் வசனத்துக்குப் போனாரா? நானும் இப்போது ஒரு நாடகக் குழுவில் இருக்கிறேன். இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

கே., திருச்சி

அன்புள்ள கே,

உங்கள் கடிதத்தில் கொஞ்சம் கோபம் இருக்கிறது. நியாயமான கோபம். பத்து வருடம் அரைமண்டியில் நின்று கற்றவரிடம் போய், ஒருவர் உட்கார்ந்து எழுவதை நடனம் என்றால் வேறு என்ன வரும்?

நீங்கள் பதம் ஆடியிருப்பீர்கள். பாடுபவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஒவ்வொரு முறையும் உங்கள் கையும் கண்ணும் வேறொன்றைச் சொல்லும். முதலில் ஏக்கம், அப்புறம் கேலி, அப்புறம் கோபம். வரி அப்படியே நிற்க, உடல் மாறுகிறது. இதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். உடல் செய்வது அப்படியே இருக்கும், அதைச் சுற்றியிருப்பது மாறும். கார்டன் அறுபது வருடம் செய்தது இதைத்தான்.

அந்த ஒளிப்பதிவை இன்னொரு முறை போடுங்கள். உட்காருவது, சாய்வது, இருக்கைக்கும் முதுகுச் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் காலை விட்டு வெளியே எடுப்பது, நாற்காலியை மடக்குவது, விரிப்பது. இவ்வளவுதான் அசைவு. கார்டனும் அவர் மனைவி வால்டா செட்டர்ஃபீல்டும் பக்கத்தில் பக்கத்தில் அதையே செய்கிறார்கள். செட்டர்ஃபீல்ட் இங்கிலாந்தில் பாலே பயின்று, அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழுவில் பல வருடம் ஆடியவர். முதுகு நாண் போல நிற்கும். கார்டன் தடித்த உடம்புக்காரர், பாரத்தைக் கீழே விட்டு நகர்வார். ஒரே அசைவு இரண்டு உடம்பில் இரண்டு மனிதர்களாகத் தெரிகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவின் அணிவகுப்பு இசை சேர்ந்ததும் அதே உட்காருதல் ஊர்வலம் போல் ஆகிவிடுகிறது. 1974-75இல் செய்த படைப்பு இது. முதல் தடவை எனக்கும் எதுவும் பிடிபடவில்லை. மூன்றாவது தடவையில், ஒரு தம்பதியின் நீண்ட நாளைய வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பட்டது. அவர்கள் ஒருவரையொருவர் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது? 1962இல் நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் கூடிய நடன இளைஞர்களில் அவரும் ஒருவர். ஈவான் ரெய்னர், ஸ்டீவ் பாக்ஸ்டன், த்ரிஷா ப்ரவுன் எல்லாம் அங்கே இருந்தார்கள். நடப்பது, ஓடுவது, சாமான் தூக்குவது எதுவும் மேடைக்கு ஆகும் என்று செய்துகாட்டிய கூட்டம். பின்நவீன நடனம் என்ற பெயர் அந்த வழிக்குத்தான் வந்தது. ஆனால் கார்டனுக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது என்று எனக்குத் தோன்றும். வயிற்றுப்பாட்டுக்கு அவர் கடைகளின் ஷோகேஸ்களை அலங்கரித்தார். ஒரே சட்டையை இடம் மாற்றி, வெளிச்சம் மாற்றி, பக்கத்தில் வேறு பொருள் வைத்துப் புதிதாகக் காட்டும் வேலை. பார்க்கப்போனால் நாற்காலியிலும் அதே வேலைதான்.

1966இல் ஒரு தனி நடனத்துக்குப் பார்வையாளர்கள் கூச்சல் போட்டார்கள். அதோடு சொந்தமாகப் படைப்பதை நிறுத்திவிட்டார். ஏறக்குறைய ஐந்து வருடம் ரெய்னரின் படைப்புகளில் ஆடினார், அவ்வளவுதான். 1971இல் ரெய்னர் இந்தியாவுக்குப் பயணம் வந்தபோது அவருடைய வகுப்பை நடத்தும் பொறுப்பு கார்டனிடம் வந்தது. மாணவர்களுக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும், இல்லையா? அதில்தான் திரும்ப ஆரம்பித்தார். அவர் தொடங்கிய குழுவின் பெயர் பிக் அப். அந்தந்த வேலைக்குக் கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் குழு என்று அர்த்தம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பேச்சு அவரிடம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது அல்ல. 1978இலேயே, ஆடுகிறவர்கள் நடுவில் நின்று பேசிக்கொள்வார்கள். ஏதோ தப்பு நடந்துவிட்டது போலிருக்கும். அப்புறம் அதே பேச்சு திரும்ப வரும்போதுதான் அது எழுதிவைத்த வசனம் என்று நமக்குத் தெரியும். நாற்காலியில் காலுக்குச் செய்ததை வாக்கியத்துக்குச் செய்கிறார். 1982இல் ‘ட்ரையிங் டைம்ஸ்’. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு ஆடி, முடிவில் நடனக்கலைஞர்கள் சேர்ந்து கார்டன் மேலேயே வழக்கு விசாரணை நடத்துகிறார்கள். நீங்கள் கேட்ட கேள்விகள்தான் அங்கே குற்றச்சாட்டு. நாற்பது வருடத்துக்கு முன்பு அவரே மேடையில் அதைக் கேட்டுக்கொண்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

1985இல் புகழ்பெற்ற பாலே கலைஞர் பாரிஷ்னிகோவ் அழைத்து அமெரிக்கன் பாலே தியேட்டருக்கு ஒரு நடனம் செய்தார். அங்கேயும் மடக்கு நாற்காலிதான். பாலே உடையில் அந்தப் பெண்கள் நாற்காலியோடு வரிசைகட்டி நின்றார்கள்.

நாடகம் என்று முழுதாகச் சொல்லக்கூடியது 1991இல் வந்த ‘த மிஸ்டரிஸ் அண்ட் வாட்ஸ் ஸோ ஃபன்னி?’ பிலிப் கிளாஸின் இசை. செட்டர்ஃபீல்ட் ஆண் உடையில் பிரெஞ்சு ஓவியர் மார்செல் துஷானாக வந்தார். சிறுநீர்த் தொட்டியைக் கலைக் கண்காட்சிக்கு அனுப்பிவைத்த அதே துஷான். யோசித்தால் கார்டனின் மூதாதை அவர்தான். பொருளைத் தொடாமல் இடத்தை மட்டும் மாற்றியவர். அதே மேடையில் ஒரு சாதாரண முதிய தம்பதியின் கதையும் ஓடியது.

1994இல் மகன் எய்ன் கார்டனோடு சேர்ந்து ‘த ஃபேமிலி பிசினஸ்’ எழுதினார். அப்பா, அம்மா, மகன் மூவரும் நடித்தார்கள். அதில் வயதான அத்தை ஆனி வேடத்தில் வந்தவர் கார்டன். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. அறுபதை நெருங்கும் மனிதர் ஒரு கிழவியாக மேடைக்கு வருகிறார். இருபது வருடம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகியவருக்கு, மூட்டு நோகும் கிழவி எப்படி உட்காருவாள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004இல் ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தைச் சிறு குழுவோடு நடனமாக்கியபோது கதை சொல்லியாக நின்றதும் செட்டர்ஃபீல்ட்தான். அது நடனமா நாடகமா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை, பிரிக்க விருப்பமும் இல்லை. கார்டன் 2022 ஜனவரியில் காலமானார், செட்டர்ஃபீல்ட் அடுத்த வருடம்.

இரண்டில் ஒன்றை விடு என்று உங்களிடம் சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் விடாதீர்கள். உங்கள் குழுவில் இப்போது எந்தக் காட்சி ஒத்திகையில் இருக்கிறது? அதில் உங்கள் வசனம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்தும் மாற்றாமல், குரலும் மாற்றாமல், நின்றுகொண்டு ஒரு தடவை, பாத்திரம் கழுவிக்கொண்டு ஒரு தடவை, வாசலைப் பார்த்தபடி ஒரு தடவை சொல்லுங்கள். கூட நடிப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் என்ன கேட்டது என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்