விண்டோஸ் 10 காலம் முடிந்துவிட்டது. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடலாமா?

தாராளமாகப் போடலாம். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச இயங்குதளம். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினியை விண்டோஸ் 11 ஏற்காது என்பதற்காக நல்ல மெஷினைத் தூக்கி எறிவதா? லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 4 ஜிபி ராமில் ஓடும். முதலில் பென் டிரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடித்தால் சரி.

யாழ்ப்பாணத்தில் உண்மையான தலையிடி பாமினி எழுத்துருதான். கோவில் திருவிழா நோட்டீஸ் ஒன்றை லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபிஸில் திறந்தேன். முருகனின் பெயரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது! பாமினி எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அதன் கோப்பை இரட்டைச் சொடுக்கி நிறுவியதும் எழுத்துகள் வந்துவிட்டன. புதிதாக எழுதுவதை யுனிகோடிலேயே எழுதுங்கள். அப்புறம், ஃபோட்டோஷொப்பை லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. அதற்குப் பதிலாக ஜிம்ப் என்ற இலவசப் படத் தொகுப்பு மென்பொருளைப் பழக வேண்டும்.