கட்டைவிரல் உயரப் படை: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

மேசைமேல் ஆடும் மாய உலகப் போர் விளையாட்டுக்கான மினியேச்சர்களை, அதாவது பெயின்ட் அடித்து நிறுத்தும் குட்டி உருவங்களைப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கே: நான், அண்ணன் மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் என நான்கு பேர். எலும்புக்கூடு, பூதம், குள்ளவீரன் என்று 28 மி.மீ. அளவில் நாற்பது பிளாஸ்டிக் உருவங்களைப் பணம் போட்டு வாங்கிவிட்டோம். பெயின்ட்டுக்கு ஐம்பது நிறப் பெட்டி ஒன்று இணையத்தில் இருக்கிறது. வாங்கலாமா? (காரைக்குடி)

ப: வேண்டாம். அதில் முப்பது பாட்டில் திறக்காமலே இறுகிப் போகும். கறுப்பு, வெள்ளை, அடர்பழுப்பு, தோல்வார் நிறம், எலும்பு நிறம், மேனி நிறம், சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளி, இவற்றோடு பழுப்பிலும் கறுப்பிலும் ஒவ்வொரு ‘வாஷ்’. மொத்தம் பன்னிரண்டு. வாஷ் என்பது நீர்த்த சாயம். மேட்டில் நிற்காமல் பள்ளத்தில் இறங்கி, மடிப்புக்கும் விலா எலும்புக்கும் நிழல் கொடுக்கும். தங்க நிறம் தனியாக வேண்டாம். வெள்ளிமேல் பழுப்பு வாஷ் இரண்டு முறை ஓடினால் பழைய பித்தளை வந்துவிடும்.

நான்கு பேர் பகிர்வதால் சொட்டு பாட்டிலாகவே வாங்குங்கள். வல்லேஜோ, ஆர்மி பெயின்டர் நிறுவனங்களின் பெயின்ட் அப்படித்தான் வருகிறது. சிட்டடெல் பெயின்ட் நல்லதுதான், ஆனால் அது மூடி திறக்கும் குப்பி. நான்கு பிரஷ் மாறி மாறி உள்ளே போனால் நிறம் கெடும்; மூடி விளிம்பில் பெயின்ட் காய்ந்து சரியாக மூடாமல் போனால் சித்திரை வெயிலில் குப்பி முழுதும் இறுகும். சொட்டு பாட்டிலின் மூக்கு அடைத்தால் குண்டூசி போதும். அடியில் தங்கும் நிறத்தைக் கலக்க உள்ளே ஒரு சிறு குண்டு போடுவார்கள். துருப்பிடிக்காத எஃகோ கண்ணாடியோ போடுங்கள். சைக்கிள் பால்ரஸ் போட்டால் சில மாதத்தில் வெள்ளை நிறம் காவியாகிவிடும்.

உள்ளூர்க் கடையில் கிடைக்கும் கைவினை அக்ரிலிக்கை முழுக்க ஒதுக்க வேண்டாம். பாறை, மண், குட்டிச்சுவர் எல்லாவற்றுக்கும் அது தாராளம். முகத்துக்கும் கவசத்துக்கும் மட்டும் போடாதீர்கள். அதன் நிறத்துகள் பருமன். மறைக்க மூன்று நான்கு பூச்சு தேவைப்படும், அதற்குள் கண்ணும் பல்லும் மூழ்கிவிடும். துணிக்கான அக்ரிலிக் இன்னும் மோசம், காய்ந்த பிறகும் ரப்பர் போல இழுக்கும்.

பெயின்ட் சீக்கிரம் காயாமல் வைத்துக் கலக்க ஈரத் தட்டு ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். தட்டையான பிளாஸ்டிக் டப்பா, அடியில் ஈரம் ஊறிய ஸ்பாஞ்ச் துணி, மேலே பேக்கிங்குக்கான பார்ச்மென்ட் தாள். கடையில் ‘பட்டர் பேப்பர்’ என்று கேட்டால் சில இடங்களில் மெழுகுத்தாளைத் தருவார்கள். அது தண்ணீரை மேலே விடாது, பெயின்ட் பத்து நிமிடத்தில் காயும். தாளின் ஓரத்தைச் சூடான தோசைக்கல்லில் வைத்துப் பாருங்கள், மெழுகு உருகினால் அது உங்களுக்கானதல்ல. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் வாஷ் காய்ந்த இடத்தில் வெள்ளைக் கறை நிற்கும், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று நாளுக்கொரு முறை மாற்றாவிட்டால் பூசணம் வரும்.

கே: பெயின்ட்டைவிடப் பிரஷ் விலை அதிகமாக இருக்கிறது. 000 அளவு வாங்கினால்தான் கண் வரைய முடியும் என்கிறார்கள். (புதுவயல்)

ப: 000 வேண்டாம். அதன் வயிற்றில் பெயின்ட் நிற்காது, கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் நுனி காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கும் 1ஆம் எண் ஒன்று போதும். கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி, நனைத்து உதறிப் பாருங்கள். முடி தானாக ஒரே முனையாகச் சேர வேண்டும். கோலின்ஸ்கி என்ற விலங்கின் முடிப் பிரஷ் ஆளுக்கு ஒன்று, சொந்தமாக. பிரஷ்ஷை மட்டும் பகிராதீர்கள். வெள்ளி நிறத்துக்கும், பெயின்ட்டைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசும் டிரை பிரஷ்ஷுக்கும் மலிவான செயற்கை முடி. முகப்பவுடர் பிரஷ்கூட டிரை பிரஷ்ஷுக்கு அருமையாக வேலை செய்யும்.

கே: பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சாக ஸ்ப்ரே பிரைமர் அடித்தேன். உருவத்தின் மேல் ரவை தூவியதுபோல் சொரசொரப்பு. கேன் போலியா? (பள்ளத்தூர்)

ப: பெரும்பாலும் கேன் குற்றமல்ல, வெயில்தான். காற்று சூடாக இருந்தால் துளிகள் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்து தூளாக வந்து ஒட்டும். தூரம் அதிகமானாலும் இதே கதி. கேனை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 செ.மீ. தூரத்தில், உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசி வீசி அடியுங்கள். மெல்லிய இரண்டு பூச்சு. காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடிக்கவே அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் பனி படிந்ததுபோல் வெளுத்துவிடும். ஏற்கெனவே வெளுத்திருந்தால் காய்ந்த நாளில் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு, அதன்மேல் மறுபடி மேட். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

முற்றத்தில் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து அதற்குள் அடியுங்கள். ஆத்தங்குடிக் கல்மேல் படிந்த ஸ்ப்ரேயைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு ஆச்சியிடம் பதில் சொல்வது உங்கள் பாடு.

காருக்கான பிரைமரை மலிவு என்று வாங்குபவர்கள் முதலில், உருவங்கள் ஒட்டிவரும் ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டில் அடித்து ஒரு நாள் வைத்துப் பார்க்கட்டும். சில கேன்களின் கரைப்பான், உருவங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினை இளக்கும். கேனை வெயிலில் நிற்கும் காரில் விடக் கூடாது, 50 டிகிரி தாண்டினால் வெடிக்கும். அடைத்த கேன் விமானப் பார்சலில் ஏறாது, தரைவழியாகத்தான் வரும். தாமதத்துக்குக் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். அவசரமென்றால் பிரஷ்ஷால் பூசும் நீர்வழிப் பிரைமர் வாங்குங்கள். மழைக்காலத்துக்கும் அதுவே சரி.

கே: இணையத்தில் ரெசின் உருவம் பத்து வாங்கினேன். மூன்றில் பெயின்ட் உரிகிறது, இரண்டு தொட்டால் பிசுபிசுக்கிறது, ஒன்றின் வாள் உடைந்தே வந்தது. “ஹாபி பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார் விற்றவர். (தேவகோட்டை)

ப: மூன்றும் மூன்று விஷயம், கலந்து புகார் செய்தால் தோற்பீர்கள். பெயின்ட் உரிவது அச்சிலிருந்து விடுவிக்கப் பூசிய எண்ணெய் போகாததால். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்துப் பிறகு பிரைமர் பூசியிருக்க வேண்டும். இது உங்கள் வேலை. பிசுபிசுப்பு வேறு. 3டி அச்சில் எடுத்து, சரியாகக் கழுவாமல், புற ஊதா ஒளியில் முழுக்க இறுக்காமல் அனுப்பியிருக்கிறார். அது தயாரிப்புக் குறை. இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். உடைந்த வாளும் அவர் பொறுப்பே.

குறையுள்ள பொருளை, விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே தொலைபேசியில் சண்டை போடாமல் எழுத்தில் அனுப்புங்கள்: ஆர்டர் எண், எந்தெந்த உருவம், என்ன குறை, படம். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில், உங்களுக்குச் சிவகங்கையில், இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பத்து உருவத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. எழுத்துப் புகாரிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும். இனி பார்சல் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி வீடியோ எடுத்துவிடுங்கள்.

வாளை ஒட்ட சூப்பர் க்ளூ. பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினில் பிடிக்காது. அது பாலிஸ்டைரினை உருக்கி ஒட்டுவது.

கே: உருவம் நிற்கும் அடித்தட்டான பேஸில் ஒட்டும் மண், புல் எல்லாம் சின்னப் பொட்டலத்தில் யானை விலை. நம்மூர்ச் செம்மண்ணைப் போட்டால் என்ன? (கானாடுகாத்தான்)

ப: போடலாம். அப்படியே அள்ளிப் போட்டால்தான் வம்பு. செம்மண்ணில் களி இருக்கிறது; பசையோடு சேறாகி, காயும்போது சுருங்கி வெடித்து, விளிம்போடு பெயர்ந்து வரும். ஒரு வாளியில் இரண்டு கைப்பிடி மண் போட்டுக் கலக்கி, கலங்கல் தண்ணீரைக் கொட்டுங்கள். நான்கைந்து முறை கொட்டித் தண்ணீர் தெளிந்தால் அடியில் நிற்பது மணல். அதை வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் கால் மணி நேரம் வறுத்தால் பூச்சியும் பூசணமும் போகும். தொண்டிப் பக்கத்துக் கடல்மணல் என்றால் உப்புப் போக நல்ல தண்ணீரில் இன்னும் இரண்டு முறை.

பிறகு சலிப்பு. மாவு சல்லடையில் இறங்குவது நான்கு பங்கு, அதன்மேல் தங்கும் குறுமணல் ஒரு பங்கு. முழுக்கப் பொடியாக இருந்தால் உப்புத்தாள் ஒட்டியதுபோலத் தெரியும், முழுக்கப் பருமனாக இருந்தால் வீரன் பாறைக்குவியலில் நிற்பான். மிளகளவு சரளை ஒன்றிரண்டை முதலில் சூப்பர் க்ளூவில் ஒட்டுங்கள், கற்பாறையாகிவிடும். ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, காலணியில் படாமல் பேஸில் தடவி, மணலில் அமுக்கி, தட்டி, இராத்திரி முழுக்க விடுங்கள். மறுநாள் ஃபெவிகால் ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று, கூட ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து மேலே ஓடவிடுங்கள். இந்த இரண்டாம் பூச்சை விட்டவர்களின் பேஸ்தான் விளையாடும்போது மேசையெல்லாம் மண் உதிர்க்கும்.

“மண்தான் சிவப்பாச்சே, எதுக்குப் பெயின்ட்?” என்று நினைக்கத் தோன்றும். பசை பட்ட மண் கறுத்துவிடும்; சிறிய உருவத்தின் காலடியில் நிஜ மண்ணும் பொம்மை மண்ணாகத்தான் தெரியும். அடர்பழுப்பு அடித்து, சிவப்பும் தோல்வார் நிறமும் கலந்து டிரை பிரஷ், கடைசியாக எலும்பு நிறம் மேடுகளில் மட்டும்.

புல்லுக்குச் சணல் கயிற்றை 6 மி.மீ. நீளத்தில் நறுக்கிப் பிரியுங்கள். தென்னை நார் நாணலாகும், புல்லுக்குப் பருமன். கொட்டான் முடைந்து மிஞ்சிய ஓலைத் துண்டு மரப்பலகைக்கும் கூரைக்கும் அச்சாகப் பொருந்தும். அரண்மனைக் காவலர் படைக்கு ஆத்தங்குடித் தளமே போடலாம்: 28 மி.மீ. உருவம் ஏறக்குறைய 56இல் ஒரு பங்கு, அப்படியானால் பத்து அங்குலக் கல் நாலரை மி.மீ. சதுரம். பிஸ்கட் அட்டையில் வெட்டி ஒட்டுங்கள். அந்த அளவில் பூவேலை எடுபடாது. கறுப்பு வெள்ளைக் கட்டமும் மேலே பளபள வார்னிஷும் போதும், பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

கே: முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பழைய உலோகச் சிப்பாய் பொம்மைகள் பார்த்தேன். வாங்கி விளையாட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாமா? (கோட்டையூர்)

ப: அடிக்காதீர்கள். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்த்தது. 1966 வரை ஈயம்தான். அது உண்மையில் பழையது என்றால் மேலிருக்கும் பழைய பெயின்ட்டுக்குத்தான் விலை, புதிதாக அடித்தால் விலை போச்சு. நகல் என்றால் அவ்வளவு கொடுப்பதே தவறு. அடிப்பக்கத்தைத் தாளில் தேய்த்துப் பாருங்கள், பென்சில் கோடு போலச் சாம்பல் விழுந்தால் ஈயமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் அரம், உப்புத்தாள் எதுவும் போடக் கூடாது. தொட்டால் கை கழுவ வேண்டும். மர அலமாரியின் அமில ஆவியில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அரிக்கத் தொடங்கிவிட்டது, வாங்க வேண்டாம்.

கே: மலிவு விலை ‘ரீகாஸ்ட்’ வாங்கலாமா? (அரியக்குடி)

ப: திருட்டு நகல். அசலில் அச்செடுத்து வார்ப்பதால் சற்றே சுருங்கியும் குமிழோடும் வரும். மீதம் பிடித்த பணம் குமிழ்க் குழியை அடைக்கும் பட்டியில் (putty) போய்விடும்.

கே: நான்கு வீட்டில் இருக்கும் படையை ஓரிடத்துக்குக் கொண்டுபோகும்போது ஈட்டி முறிகிறது. என்ன பெட்டி வாங்க? (காரைக்குடி)

ப: பஞ்சுப் பெட்டி வேண்டாம், உரசி உரசி மூக்கின் பெயின்ட் போகும். பேஸின் அடியில் 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் நியோடிமியம் காந்தம் ஒன்றை சூப்பர் க்ளூவால் ஒட்டித் தகரப் பெட்டியில் நிறுத்துங்கள். எல்லாக் காந்தமும் ஒரே முகம் கீழே பார்க்கட்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் வீரர்கள் ஒருவரை ஒருவர் இழுப்பார்கள். முறுக்கு டப்பா எவர்சில்வர் என்றால் காந்தத்தோடு கடைக்குப் போங்கள், பல எவர்சில்வர் காந்தத்தைப் பிடிக்காது. பழைய பிஸ்கட் தகரம் பிடிக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஒட்டாத காந்தங்களை எண்ணிப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், உடனே மருத்துவமனைதான்.