பியூரெட் யார் கையில்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வேதியியலில் பிஎச்.டி. வரை படிக்க ஆசை. கடலூரிலேயே ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. அப்பாவோ, "ஆராய்ச்சிக்குப் போகிறவள் பல்கலைக்கழகத்தில்தான் சேர வேண்டும், சின்னக் கல்லூரியில் படித்தால் மேலே போக முடியாது" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: மகளே, அப்பாவின் கவலையில் நியாயம் உண்டு. பெரிய கருவிகளும் ஆய்வு மாணவர்களும் இருப்பது பல்கலைக்கழகத்தில்தான். ஆனால் 'மேலே போக முடியாது' என்பதை நான் ஒப்ப மாட்டேன். தாமஸ் செக், அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக் கிரின்னெல் என்ற சிறு கலைக் கல்லூரியில் படித்தவர். பிறகு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி., 1989-இல் வேதியியல் நோபல். அந்த மாதிரிக் கல்லூரிகளில் ஆய்வு மாணவர்கள் கிடையாது. பேராசிரியரின் ஆய்வில் கைக்கு உதவி இளங்கலைப் பிள்ளைகள்தான். அந்தக் கல்லூரிகளுக்கு இருக்கும் பணமும் வசதியும் நம் ஊரில் இல்லை. ஆனாலும் இளங்கலைப் பிள்ளைகள் கைக்கு வேலை வருகிறதா, நீ பார்க்க வேண்டியது அதைத்தான்.

கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்தான் பியூரெட். நான் படித்த இடத்தில் ஒரு பியூரெட்டுக்கு நாலு பேர். ஒருத்தி குழாயைத் திருகுவாள், மற்ற மூவரும் ரீடிங்கை நோட்டில் எழுதிக்கொள்வோம். ஒரே ஒரு சொட்டில் குடுவை முழுக்க இளஞ்சிவப்பு ஏறி நிற்குமே, அதை என் கையால் பிடித்தது எம்.எஸ்சி. போன பிறகுதான். அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால், சீனியர் பிள்ளைகளைப் பிடித்து, பிராக்டிகலில் ஆளுக்கொரு பியூரெட் தருகிறார்களா என்று கேள். தருகிறார்கள் என்றால், தயங்காமல் உள்ளூரிலேயே சேர். பல்கலைக்கழகத்திலும் இதே கேள்வியைக் கேட்க அப்பாவிடம் சொல்.

எம்.எஸ்சி.க்குக் கதவு மூடிவிடாது. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் தேர்வு, காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் பி.ஜி. தேர்வு. இரண்டிலும் மதிப்பெண்தான் பேசும், கல்லூரிப் பெயர் அல்ல.

கல்லூரியில் இல்லாத கருவிகளைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. கிடைத்தால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்திலேயே வேலை செய்யலாம். அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். முதல் வருஷத்திலிருந்தே வகுப்பு முடிந்ததும் சந்தேகம் கேட்டு அவர் முன் போய் நில். அப்போதுதான் உன் முகத்தை நினைத்து அவரால் அந்தக் கடிதத்தை எழுத முடியும்.