சுருக்கம் முதலில் விரியாதது ஏன்?

கேள்வி: லேடெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஆய்வேடு தயாரிக்கிறேன். ‘ஊராட்சி ஒன்றியம் (ஊ.ஒ.)’ என்ற விரிவு பொருளடக்கத்தில் வந்துவிடுகிறது, முதல் இயலில் வெறும் ‘ஊ.ஒ.’தான் நிற்கிறது. என்ன செய்வது?
– வாசகர், காட்பாடி

பதில்: முதல் முறை விரிவையும் பிறகு குறுவடிவத்தையும் அச்சிடும் சுருக்கக் கட்டளையை இயல் தலைப்பிலேயே போட்டிருப்பீர்கள். பொருளடக்கம் முன்னால் அச்சாவதால் ‘முதல் முறை’ என்ற கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தலைப்புகளில் கணக்கில் சேராமல் குறுவடிவத்தை மட்டும் தரும் கட்டளையை எழுதி, கோப்பை இரண்டு முறை ஓட்டுங்கள். ஆய்வேட்டின் முன்னால் வரும் ஆய்வுச் சுருக்கம் (abstract) முடிந்ததும் கணக்கை அழித்துத் தொடங்குங்கள். ஆய்வுச் சுருக்கத்தைத் தனியாகப் படிப்பவர்களும் உண்டு என்பதால், அங்கும் இயலிலும் விரிவு வர வேண்டும்.

தமிழில் பெரிய தொல்லை வேற்றுமை உருபுதான். கட்டளைக்குப் பின்னால் ‘வில்’ சேர்த்தால், முதல் இடத்தில் ‘ஊராட்சி ஒன்றியம் (ஊ.ஒ.)வில்’ என்று அச்சாகும். பார்க்கவே கண்ணை உறுத்தும். அந்த ஓர் இடத்தில் மட்டும் ‘காட்பாடி ஊராட்சி ஒன்றியத்தில் (ஊ.ஒ.)’ என்று கையால் எழுதி, ‘பயன்படுத்தியாயிற்று’ எனக் குறிக்கும் கட்டளையைப் பக்கத்தில் வையுங்கள். அடுத்து வரும் இடங்களில் ‘ஊ.ஒ.வில்’ சரியாக விழும்.

புள்ளிக்குப் பின் இடைவெளி விடாதீர்கள். விட்டால் ‘ஊ.’ வரிக் கடைசியிலும் ‘ஒ.’ அடுத்த வரியிலும் பிரிந்துபோகும். இரண்டே முறை வரும் பெயருக்குச் சுருக்கமே வேண்டாம், முழுதாக எழுதுங்கள்.