கையெழுத்துப் போடுங்கள், எந்த மொழியில் சோதிப்பார்கள் என்று கேட்டுவிட்டு

கலிஃபோர்னியா வந்து எட்டு மாதம், இரண்டாம் வகுப்பு மகன் பின்தங்குகிறான் என்று சிறப்புக் கல்வி மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கேட்கிறார்கள், கையெழுத்துப் போட்டால் வேறு வகுப்பில் தள்ளிவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

தள்ள முடியாது, தங்கச்சி. இது சோதிப்பதற்கான ஒப்புதல் மட்டும். சேவை தொடங்கத் தனிக் கையெழுத்து வேண்டும். அதை நீங்கள் மறுக்கலாம். எந்த விசாவில் வந்திருந்தாலும் எல்லாம் இலவசம்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இதே மாநிலத்தில் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, புத்தி குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டார்கள். 1970இல் டயானா வழக்கு அதைத் தட்டிக்கேட்டது. கறுப்பினப் பிள்ளைகளை ஐ.க்யூ. சோதனையை வைத்து அப்படி ஒதுக்கக் கூடாது என்று 1979இல் லாரி பி. வழக்கில் தீர்ப்பு வந்தது. நம் பிள்ளைகளுக்கு இன்றிருக்கும் பாதுகாப்பு அந்தக் குடும்பங்கள் போராடி வாங்கியது. ஆங்கிலம் போதவில்லை என்பதையே காரணமாக்கிக் குறைபாடு என்று முடிவு செய்ய ஐ.டி.இ.ஏ. என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம் இடம் தராது.

மதிப்பீட்டுத் திட்டத்தைப் படித்துப் பார்க்க உங்களுக்குக் குறைந்தது 15 நாள் உண்டு. அதற்குள் மின்னஞ்சலில் கேளுங்கள்: என்னென்ன சோதனை, எந்த மொழியில், தமிழ் மொழிபெயர்ப்பாளர் யார்? அக்காவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ உட்கார வைக்கச் சம்மதிக்காதீர்கள். ஆங்கிலச் சோதனையை வாய்மொழியாகத் தமிழாக்கி மதிப்பெண் போட்டால் அந்த எண் செல்லாது. அந்த அளவுகோல் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்துச் செய்தது.

இதற்கிடையில் இரண்டு வாரம் வீட்டில் கவனித்து எழுதுங்கள். “செருப்பைக் கழட்டிட்டு, பையை உள்ள வச்சிட்டு வா” என்றால் இரண்டையும் செய்கிறானா? நேற்று நடந்ததைத் தமிழில் கோர்வையாகச் சொல்கிறானா? ஃபிஷ் என்பதைப் பிஷ் என்று சொன்னால் அது தமிழ் நாக்கு, பேச்சுக் குறைபாடு அல்ல. ஊர்ப் பள்ளி ரிப்போர்ட் கார்டையும் காது பரிசோதனை முடிவையும் சேர்த்துக் கொடுங்கள்.

தமிழிலும் தடுமாறினால், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று மறைக்காதீர்கள். “ஆங்கிலம் வந்தால் சரியாகிவிடும்” என்று பள்ளியே தள்ளிப்போட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தப்பான முத்திரை எவ்வளவு கெடுதலோ, உதவி தேவைப்படும் பிள்ளையை வருடக்கணக்கில் காக்க வைப்பதும் அவ்வளவு கெடுதல்.

ஒப்புதல் கொடுத்த 60 நாளுக்குள் ஐ.இ.பி. கூட்டம், அதாவது பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தைப் பேசும் கூட்டம், நடக்க வேண்டும். நீண்ட விடுமுறை நாட்கள் கணக்கில் வராது. அறிக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கூட்டத்திலேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். முடிவு சரியில்லை என்று பட்டால், பள்ளி மாவட்டச் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீடு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அவர்கள் ஏற்பாடு செய்து தர வேண்டும், அல்லது தங்கள் மதிப்பீடு சரி என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும்.