பாங்காக்கில் ஆறு வாரம்: பேக்கேஜ், பட்டு, நீலக்கல்

கேள்வி: மகன் பாங்காக்கில் வேலை பார்க்கிறான். நானும் மனைவியும் ஆறு வாரம் அவனோடு தங்கப் போகிறோம். பகலெல்லாம் அவன் ஆபீசில் இருப்பான். டிராவல் ஏஜென்ட் ஒருவர் பத்து நாள் சைட்சீயிங் பேக்கேஜுக்கு இப்போதே பணம் கட்டச் சொல்கிறார். அரண்மனை, மிதக்கும் சந்தை, ஆற்றில் டின்னர் க்ரூஸ் எல்லாம் அதில் அடக்கமாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். சில நாளிலேயே ஊர் திரும்ப வேண்டியவர்களுக்காகப் போட்ட பேக்கேஜ் அது. அவர்களுக்கு நேரம் கிடையாது, அதனால் காசு கொடுத்து நேரத்தை வாங்குகிறார்கள். உங்களிடம் இருப்பதே நேரம்தான், அதை எதற்கு விற்கிறீர்கள்? ஒரு நாளைக்கு ஓர் இடம், காலை எட்டரைக்குக் கிளம்பி ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மதிய வெயில் அப்படி, புழுக்கமும் சேர்ந்து ஆளை உட்கார வைத்துவிடும்.

அரண்மனைக்கு வெளிநாட்டவருக்கான டிக்கெட் 500 பாட் (தாய்லாந்துப் பணம்). கவுன்டரில் நேராகவே கிடைக்கும், ஏஜென்ட் தேவையில்லை. கதவு திறக்கும் 8.30-க்கே போய் நில்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம், வேட்டி சேலைக்குப் பிரச்சினையே வராது. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மரகத புத்தர் கோயிலைச் சுற்றி வரும் தாழ்வாரத்தில் தாய்லாந்து ராமாயணமான ராமகியன் 178 சுவரோவியங்களாக ஓடுகிறது. குரூப்பில் வருகிறவர்கள் அதில் பத்தைக்கூடப் பார்க்க முடியாது, கொடியைத் தூக்கிக்கொண்டு கைடு முன்னால் போய்விடுவார். நீங்கள் அங்கே இரண்டு மணி நேரம் நின்று, அனுமார் தன் உடம்பையே பாலமாக நீட்டிக் கிடக்க அவர் மேல் படை நடந்து போவதைப் பார்க்கலாம்.

மிதக்கும் சந்தை என்று பேக்கேஜில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் தம்னொயன் சதுவாக்தான். நகரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். போய் இறங்கிய பிறகு 'படகுக்குத் தனி' என்று கேட்கும் வழக்கம் உண்டு. அதை விட்டுவிட்டு, சனி ஞாயிறில் மகனையும் கூட்டிக்கொண்டு நகரத்துக்குள்ளேயே இருக்கும் தாலிங் சான் அல்லது லாட் மயோம் சந்தைக்குப் போங்கள். அங்கே உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள், விலையும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும்.

டின்னர் க்ரூஸுக்குப் பதிலாக சாயங்காலம் பறக்கும் ரயிலில் போய் சபான் தக்சின் ஸ்டேஷனில் இறங்கி, சாதோர்ன் படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய எக்ஸ்பிரஸ் படகைப் பிடியுங்கள். 20 பாட்டுக்கும் குறைவு. அதே துறையில் நீலக் கொடி டூரிஸ்ட் படகுக்காரர்கள்தான் முதலில் கூப்பிடுவார்கள், அதற்குக் கட்டணம் அதிகம். தா தியேன் துறையில் இறங்கினால் வாட் போ கோயில், அங்கிருந்து சில பாட் கொடுத்தால் அக்கரைப் படகு, எதிரே வாட் அருண் கோயில். அதே ஆறு, அதே விளக்குகள், பஃபே மட்டும் கிடையாது.

முழங்கால் நன்றாக இருந்தால் மட்டும் சேன் சேப் கால்வாய்ப் படகிலும் ஒருமுறை போய் வாருங்கள். பழைய நகரப் பக்கத்திலிருந்து துணிக்கடைகள் நிறைந்த பிரதுனாம் வரை. படகு துறையில் சில நொடிதான் ஒட்டி நிற்கும், கயிற்றைப் பிடித்துத் தாவி உள்ளே போக வேண்டும். எதிரே இன்னொரு படகு வந்தால் தண்ணீர் தெறிக்கும், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்துப் பக்கவாட்டுப் படுதாவை மேலே தூக்குவார்கள். நான் முதல் தடவை அது தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்த பாட்டிதான் என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கயிற்றை இழுத்தார். கண்டக்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளிவிளிம்பில் நடந்தபடியே டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். இதை எந்தப் பேக்கேஜிலும் காட்ட மாட்டார்கள்.

மீதி நாட்களுக்கு நானே ஒரு வரிசை சொல்கிறேன். தேசிய அருங்காட்சியகத்தில் புதன், வியாழன் காலைகளில் தன்னார்வலர்கள் ஆங்கிலத்தில் விளக்கிக் கூட்டிப்போவார்கள், நுழைவு டிக்கெட் எடுத்தால் போதும். திங்கள், செவ்வாய் விடுமுறை. ஹுவா லம்போங் ஸ்டேஷனிலிருந்து சாதாரண ரயிலில் மூன்றாம் வகுப்பில் பழைய தலைநகரான அயுத்தயா போய்வாருங்கள், 80 கிலோமீட்டர்கூட இல்லை, டிக்கெட் காப்பி விலையை விடக் குறைவு. சீலோம் சாலை மாரியம்மன் கோயில் தமிழர் எழுப்பியது. 1784-இல் கட்டிய பெரிய ஊஞ்சல் பக்கம் போனால், அதே ஆண்டில் எழுந்த தேவஸ்தான் என்ற பிராமணர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். மார்கழியை ஒட்டி அங்கே நடக்கும் திரியம்பாவை சடங்கின் பெயரே நம் திருவெம்பாவைதான், அதன் பாடல்களை இன்றும் ஓதுகிறார்கள். அந்தச் சடங்கின் ஊஞ்சலாட்டத்தை மட்டும் 1935-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிவப்பு மரத்தூண்களுக்கு அடியில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது, உண்மையாகச் சொல்கிறேன்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்றில் புகை அதிகம். ஆஸ்துமா இருந்தால் வேறு மாதம் பாருங்கள். ஏஜென்டுக்குக் கொடுக்க இருந்த பணத்தில் ஒரு பகுதியை, இருவருக்கும் நல்ல மருத்துவப் பயணக் காப்பீட்டில் போடுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷரை மறைக்காமல் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும்.

கேள்வி: அரண்மனை வாசலில் ஒருவர் 'இன்று மூடியிருக்கிறது' என்றார். 40 பாட்டுக்கு டுக்டுக் (இங்குள்ள ஆட்டோ) பிடித்துக் கொடுத்தார். இரண்டு கோயிலுக்குப் பிறகு நகைக்கடை. 'அரசாங்கக் கடை, இன்றைக்கு மட்டும் வரியில்லை, ஊரில் இரட்டிப்பு விலைக்குப் போகும்' என்றார்கள். நீலக்கல் மோதிரம் வாங்கிவிட்டோம். இன்னும் இரண்டு வாரம் இங்கேதான் இருப்போம்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, பல வருடமாக நடக்கிற வேலை இது. அரண்மனை மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் கவுன்டர்தான் சொல்ல வேண்டும், வாசலில் நிற்பவர் இல்லை. கல் விற்கும் அரசாங்கக் கடை என்று ஒன்று தாய்லாந்தில் கிடையாது. ஊரில் இரட்டிப்பு விலை கிடைக்கும் என்றால் அவர்களே அனுப்பி விற்றுவிட மாட்டார்களா?

இன்னும் அங்கே இருப்பதுதான் உங்கள் பலம், இன்றைக்கே 1155-க்கு அடியுங்கள், அது சுற்றுலா போலீஸ், ஆங்கிலம் பேசுவார்கள். பில், கடை வாசல் போட்டோ, கார்டு ஸ்லிப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பாங்காக்கிலேயே ஜிஐடி என்ற ரத்தின, நகை ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அங்கே கல்லைக் கொடுத்துச் சோதனைச் சான்றிதழ் வாங்கினால் உங்கள் பேச்சுக்குக் கனம் கூடும். கார்டில் கட்டியிருந்தால் பாங்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கடைக்குத் தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டாம்.

கேள்வி: தாய் பட்டு எது அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏர்போர்ட்டில் வரி திரும்பத் தருவார்களாமே?

பதில்: மயில் முத்திரையைப் பாருங்கள். தங்க மயில் என்றால் உள்ளூர்ப் பட்டுப்புழு நூலில் பழைய முறைப்படி கையால் நெய்தது. அடுத்து வெள்ளி, அப்புறம் நீலம். பச்சை மயில் என்றால் பட்டோடு வேறு நூலும் கலந்தது, கலப்பு என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. முத்திரையே இல்லாததைச் சாதுசாக் வாரச்சந்தையில் வாங்கினால், பட்டு என்று நினைக்காமல் அழகான துணி என்று நினைத்து அந்த விலைக்கே பேசுங்கள். அந்தச் சந்தை 27 பகுதிகள், சனி ஞாயிறில் முழுதாக நடக்கும். பிடித்த கடையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பத் தேடினால் கிடைக்காது. பிரதுனாமில் துணி எடுத்தால் மூன்று உருப்படி சேர்த்துக் கேளுங்கள், மொத்த விலைக்கு இறங்குவார்கள்.

வரி விஷயம்: மதிப்புக்கூட்டு வரி அங்கே 7 சதவீதம். சுற்றுலாப் பயணிகளுக்கான ரீஃபண்ட் போர்டு மாட்டிய கடையில், ஒரே நாளில் ஒரே கடையில் 2,000 பாட்டுக்குக் குறையாமல் வாங்கினால்தான் உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே படிவம் எழுதி வாங்க வேண்டும், பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், மகன் பெயரில் எழுதினால் உங்களால் கேட்க முடியாது. வாங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் விமானம் ஏற வேண்டும். பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே பொருளோடு கஸ்டம்ஸ் கவுன்டருக்குப் போய்விடுங்கள். கட்டணம் பிடித்துக்கொண்டு தருவதால் முழு ஏழு கைக்கு வராது. பெரிய சாமான்களைக் கடைசி வாரத்தில் வாங்குவதே வசதி, ஆறு வாரம் வீட்டில் அடுக்கி வைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம்: புத்தர் சிலையை வெளியே எடுத்துப்போக நுண்கலைத் துறை அனுமதி வேண்டும், கடைக்காரர் 'ஒன்றும் ஆகாது' என்பார், கேட்காதீர்கள்.

கேள்வி: டிஜிட்டல் அரைவல் கார்டுக்கு ஒரு வெப்சைட் காசு கேட்கிறது, கட்டலாமா? ஏடிஎம்மில் பணம் எடுத்தால் போதுமா?

பதில்: கட்டாதீர்கள். 2025 மே 1 முதல் கட்டாயமான அந்த கார்டு முழுக்க இலவசம். தாய்லாந்து இமிக்ரேஷனின் சொந்தத் தளத்தில், போய்ச் சேர்வதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும்.

ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள், அதனால் சின்னச் சின்னதாக எடுக்காதீர்கள். திரையில் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த ரேட்டில் நிச்சயம் இழப்பு. நோட்டாக மாற்றுவதென்றால் சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் மேல்தளக் கவுன்டர்களைத் தாண்டி, ரயில் நிலையம் இருக்கும் அடித்தளத்துக்கு இறங்குங்கள், ரேட் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். வெளியே சாப்பிட முடியுமா?

பதில்: முடியும். மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 என்று எழுதியதைப் போல ஓர் எழுத்து தெரியும், அது 'ஜே'. அந்தக் கடையில் கறி, மீன், முட்டை, பால், ஏன் வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மற்ற கடையில் 'வெஜிடபிள்' என்று சொன்னால் காய் வரும், கூடவே மீன் சாஸும் வரும். மகனிடம் சொல்லி, 'ஜே மட்டும், மீன் சாஸ் வேண்டாம்' என்று தாய் மொழியில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள்.