மாமா அனுப்பிய, இன்னும் பிரிக்காத பழைய நாணய செட்டுகளைப் பிரிக்கலாமா?

1964 என்று போட்ட அமெரிக்க உறையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒட்டத் தொடங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 1953 செட்டை இந்தக் கிழமையே பிரியுங்கள். மற்ற இரண்டையும் பிரிக்கத் தேவையில்லை, வெளியில் இருந்து பார்த்தாலே போதும்.

வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். லண்டனில் இருந்த மாமா பல வருடங்களாக யாழ்ப்பாணத்து வீட்டுக்கு அனுப்பிவைத்த நாலு செட்டுகள் அலுமாரியில் இருக்கின்றன: 1953 முடிசூட்டு விழாக் கால பிரிட்டிஷ் பிளாஸ்டிக் செட், பிரிட்டனின் முதல் தசம நாணயங்கள் உள்ள நீல மடிப்புறை, 1983 பிரிட்டிஷ் செட், 1964 அமெரிக்க புரூஃப் செட் (புரூஃப் என்றால் சேகரிப்பாளருக்காகவே கண்ணாடிப் பளபளப்போடு அடித்த நாணயம்). மாமா இப்போது இல்லை. தம்பி பிரிப்போம் என்கிறார், அம்மா கைவைக்க விடமாட்டேன் என்கிறார். பிரித்தால் பெறுமதி போய்விடுமா என்பதுதான் பயம்.

பிரிக்காமல் இருப்பதற்கென்று தனியாக ஒரு விலை உண்டா என்றால், அதற்குக் காசு கொடுக்க ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் உண்டு. அமெரிக்காவில் இருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் மண்ணிற உறை மாதிரி, நாணயசாலையில் ஒட்டி அனுப்பிய உறையை அப்படியே தேடி வாங்குகிறவர்கள் அவர்கள். உள்ளே என்ன இருக்கும் என்ற ஆசைக்குத்தான் அந்தக் கூடுதல் காசு. 1964 புரூஃப் செட் அரிய சாமான் இல்லை, 39 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆனால் அந்த வருடத்துக் கென்னடி அரை டொலரில், தலைமுடிக் கோடுகள் அழுத்தமாக விழுந்த ஒரு வகை புரூஃப் நாணயங்களில் மட்டும் வந்தது. ‘அக்சென்டட் ஹேர்’ என்பார்கள். சாதாரண வகையை விட அதற்குப் பல மடங்கு விலை. உறை மூடியிருக்கும்வரை அது உள்ளே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாங்குகிறவர் அந்த ‘இருக்கலாம்’ என்பதற்குக் காசு தருகிறார்.

அதே உறையைக் கஸ்தூரியார் வீதிக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? நகைக்கடைக்காரர் முதலில் உறையைக் கிழிப்பார். பிறகு நிறுப்பார். அரை டொலர், கால் டொலர், பத்துச் சதம் மூன்றும் சேர்ந்து 21.25 கிராம், அதில் 90 வீதம் வெள்ளி, ஆக 19 கிராம் சொச்சம். அந்த வெள்ளி விலையைச் சொல்வார். சந்தேகம் வந்தால் உரைகல்லில் ஒரு இழுவை இழுத்தும் பார்ப்பார். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் புரூஃப் நாணயத்தின் கதை அதோடு முடிந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வாங்குவது வெள்ளி. நீங்கள் விற்கப்போவது அவருக்குத்தான் என்றால் உறை பிரித்ததா பிரிக்காததா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆகவே 1964 உறையைப் பற்றி வீட்டில் ஒரு முடிவு எடுங்கள். விற்பதென்றால் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யார் மூலமாவது, பிரிக்காமல். வைத்திருப்பதென்றால் பிரியுங்கள். என்னிடம் அதே மாதிரி 1963 உறை ஒன்று இருந்தது, விற்கும் யோசனை இல்லாததால் பிரித்தேன். அதிசயமாக எதுவும் இல்லை. ஆனால் செம்புச் சதத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. உப்புக் காற்றும் மாரிகாலத்து ஈரமும் உள்ள ஊரில் மூடின உறை என்றால் பத்திரம் என்று நினைக்கக் கூடாது. உறையின் கடதாசி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் காற்றை முழுதாகத் தடுக்காது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் எங்கட அப்பா வளவுக்குள் புதைத்துவிட்டுப் போன போத்தலில் பழைய செப்புச் சதங்கள் இருந்தன. மூடி இறுக்கித்தான் இருந்தது. எடுத்தபோது எல்லாம் பச்சை.

இனி 1953. அதன் பிளாஸ்டிக் மெழுகு மாதிரி ஒட்டுகிறது, நாணயத்தின் ஓரத்தில் பச்சையாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பி.வி.சி. உடையும் அறிகுறி. அந்த வகைப் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் வெளியே கசியும், அமிலமும் உண்டாகும், அது செம்பைத் தின்னும். இங்கே பிரிக்காமல் வைத்திருப்பதுதான் நட்டம். பிரித்து, ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து, சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். யன்னலைத் திறந்து வையுங்கள், விளக்கு அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணாடிக் கிண்ணம்தான் நல்லது, பல பிளாஸ்டிக்குகளை அசிட்டோன் கரைத்துவிடும். துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். பச்சை ஆழமாக இறங்கியிருந்தால் அடியில் பள்ளம் தெரியும், அதற்கு மருந்து இல்லை.

இதைச் சொல்லாமல் விட முடியாது: பழப்புளி, திருநீறு, பற்பசை மூன்றையும் அம்மாவின் கைக்கு எட்டாமல் வையுங்கள். குத்துவிளக்கு மினுக்குகிற கை சும்மா இருக்காது. ஒருதரம் தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பாளர் யாரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார்.

அந்த 1953 செட்டில் வெள்ளி இருக்கிறதா என்றும் கேட்டீர்கள். இல்லை. 1947 முதலே பிரிட்டனின் புழக்க நாணயங்களில் வெள்ளிக்குப் பதில் செப்பு நிக்கல் கலவைதான். அரைக் கிரௌன் என்ற பெரிய நாணயத்தின் வெள்ளை நிறத்தைப் பார்த்து எங்கட ஆட்கள் ஏமாறுவது வழக்கம். அதில் பார்க்கவேண்டியது பென்னி. 1953 பென்னி இந்த மாதிரி செட்டுகளுக்காகவே வந்தது, அதனால் அது நல்ல நிலையில் இருந்தால் கவனமாக வையுங்கள்.

நீல மடிப்புறையில் 1968 தேதியிட்ட ஐந்தும் பத்தும், 1971 தேதியிட்ட அரை, ஒன்று, இரண்டு பென்ஸும் இருக்கும். கொட்டிக் கிடக்கும் செட், பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் பெரிய காசு இல்லை. மாமாவின் கையெழுத்து அதில் இருக்கிறது என்றீர்கள். அதற்காக வைத்திருங்கள். செப்பு நாணயங்கள் கறுத்துக்கொண்டு போவது தெரிந்தால் மட்டும் வெளியே எடுத்து வேறு உறைக்கு மாற்றலாம்.

வேறு உறை என்றால் பொலியெஸ்டர் உறை. பிளாஸ்டிக் எது என்று தெரியாவிட்டால் முகர்ந்து பாருங்கள். புதுக் குளிப்பறைத் திரையின் மணம் வந்தால் அது பி.வி.சி. றப்பர் பாண்ட் போட்டுக் கட்டவே வேண்டாம், அதில் இருக்கும் கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுப்பாக்கும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து, இறுக்கமாக மூடும் டப்பாவுக்குள் நாணயங்களோடு போடுங்கள். மாரிக்கு முன் ஒருக்கா மாற்றுங்கள்.

1964 உறையைப் பிரிக்க முடிவெடுத்தால் பங்குனி, சித்திரை போன்ற காய்ந்த மாதத்தில், பகலில். முதலில் நாலு பக்கமும் படம் எடுங்கள். ஒட்டின மடிப்பை ஆவி காட்டித் திறக்காதீர்கள், ஈரம் உள்ளே போகும். ஒட்டு ஈரத்தில் இளகித் திரும்ப ஒட்டின மாதிரி இருந்தாலே வாங்குகிறவர்கள் சந்தேகப்படுவார்கள், ஏனென்றால் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டி ‘பிரிக்காதது’ என்று விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். எழுத்து இல்லாத குறுகிய ஓரத்தில் பிளேடால் கீறுங்கள், நாணயங்களை மறுபக்கம் தள்ளிவிட்டு. உள்ளே இருக்கும் தெளிவான பிளாஸ்டிக்கை வெட்டாதீர்கள், அதற்கு மேலாலேயே கென்னடியின் முடியைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். அந்த வகைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. மாதிரி தரம் பார்த்துப் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்களைப் பற்றி யோசியுங்கள். சாதாரண செட்டுக்கு இங்கிருந்து அனுப்பி எடுக்கும் செலவே கட்டாது.

உங்களிடம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: யாருடைய வீட்டிலாவது 1971 சிலோன் புரூஃப் செட் இருந்தால் அதற்கு இலங்கைக்குள்ளேயே ஆள் இருக்கிறது. நாடு குடியரசாகிப் பெயர் மாறியதற்கு முந்தின வருடத்துச் செட். ஒன்று, இரண்டு சதம் அலுமினியம் என்பதால் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பெட்டியின் கண்ணாடிக்கு மேலாலேயே பாருங்கள்.

1983 செட்டைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் இரண்டு பென்ஸில் ‘நியூ பென்ஸ்’ என்று இருந்ததை 1982 இல் ‘டூ பென்ஸ்’ என்று மாற்றினார்கள். ஆனால் 1983 தேதியிட்ட நாணயங்கள் கொஞ்சம், தவறுதலாகப் பழைய எழுத்தோடு வெளியே வந்துவிட்டன, அதுவும் சேகரிப்பாளருக்கான செட்டுகளுக்குள். அப்படி ஒன்று கிடைத்தால் மற்ற மூன்று செட்டும் சேர்ந்து அதற்குக் கிட்ட வராது. தெளிவான பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கிறது என்கிறீர்கள், தம்பிக்கும் அம்மாவுக்கும் சண்டை வரத் தேவையில்லை. வெளிச்சத்தில் பிடித்து, இறகுச் சின்னம் உள்ள பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்து, ஒரு படத்தோடு இதற்குக் கீழே பதிலாக எழுதுங்கள்.